ஓடுகிற மோட்டாரை ஏன் கழற்றுகிறாய்?

பாடாங் மேஹாவில் வீட்டைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது. லயத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே அளவு வாசல், ஒரே தகரக் கூரை, ஒரே வாரத்தில் அடித்த ஒரே சுண்ணாம்பு. ஆனால் வாசலில் நிற்கும் மோட்டாரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள்தான். பின்னால் இரும்புக் கேரியர் பற்றவைத்து, பால் டின் உரசி உரசிச் சாயம் போயிருந்தால் அது பால்மரம் வெட்டுகிறவருடையது. முன்னாலிருக்கும் கால் மறைப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் கிராணியுடையதோ பள்ளிக்கூட ஆசிரியருடையதோ. சைலன்சரை வெட்டி, கண்ணாடி இரண்டையும் கழற்றிப் போட்டிருந்தால் அந்த வீட்டில் கல்யாணமாகாத பையன் ஒருவன் இருக்கிறான்.

இப்படி மோட்டார் ஆளுக்கு அடையாளமானதற்குக் காரணம் உண்டு. கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராய்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலும் சரி, கெடாவின் மற்றத் தோட்டங்களிலும் சரி, தொழிலாளிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் எதுவும் கிடையாது. மரம் கம்பெனியுடையது. வீடும் கம்பெனியுடையது, வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் ஒரே திண்ணையில் உட்கார்ந்தவருக்கும் அந்தத் திண்ணையில் ஓர் ஆணி அடிக்கத் தயக்கம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில் எங்கள் மக்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய பங்குப் பணத்தில் அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சீடிம். ‘நமக்கும் ஒன்று சொந்தமாகலாம்’ என்ற எண்ணத்துக்கு எங்கள் மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்த ஏக்கம் பெரும்பாலான குடும்பங்களில் முதன்முதலாக நிறைவேறியது நிலத்தில் அல்ல, இரண்டு சக்கரத்தின் மேல். எங்கள் வீட்டில் அரசாங்க முத்திரையோடு அப்பாவின் பெயர் உடைமைக்காரராக அச்சாகியிருந்த ஒரே தாள் ஹோண்டா சி70-இன் கிரான்தான்.

அந்த மோட்டார் இப்போது கூலிமில் என் தாமான் வீட்டுக் கார் கொட்டகையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றுவதும் துடைப்பதும் மாட்டுவதும் என் பொழுதுபோக்கு. பக்கத்தில் யமஹா ஆர்எக்ஸ்இசட் ஒன்றும் உண்டு. அதற்கும் இதே கவனிப்புதான். அப்பா வந்து தங்கும் நாட்களில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஒரு நாள் கேட்டார்: “ஓடுற மோட்டர எதுக்குடா கழட்டுற?”

அதில் கேலி இல்லை. வாழ்நாள் முழுவதும் அந்த வண்டியைத் தன் கையாலேயே பழுது பார்த்தவர், உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. அப்போதிலிருந்து அந்தக் கேள்விக்குப் பல பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை நிற்கவில்லை.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளி தகேயோ ஃபுஜிசாவாவும் 1958-இல் சி70-இன் மூதாதையான சூப்பர் கப் வண்டியைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் ஜப்பானின் சின்னக் கடைக்காரர்கள். சோபா நூடல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கிளட்ச் பிடியே இல்லாமல், காலால் மட்டும் கியர் மாற்றுகிறபடி செய்தார்கள். அன்றைய ஜப்பானில் தார் போடாத சாலைகள் அதிகம். அதனால் சக்கரம் பதினேழு அங்குலம். சேறு காலில் தெறிக்காமல் முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு. சங்கிலிக்கு முழு மூடி.

தோக்கியோவின் நூடல்ஸ் பையனுக்காகச் செய்த இத்தனையும் கெடாவின் பால்மரக் காட்டுக்கு என்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திப்போனது. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்குப் போகிறவருக்கு ஒரு கையில் டார்ச் லைட். வழி முழுக்கச் செம்மண். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. வெட்டு முடிந்து பால் எடுத்து, டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கும்போது வண்டி தளும்பாமல் போக வேண்டும். சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு இந்த வண்டி முழங்கால் வலியில் பாதியைக் குறைத்தது. உலகம் முழுவதும் செய்யப்பட்ட சூப்பர் கப் வகை வண்டிகள் 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டின. எந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு செய்யப்பட்டதில்லை.

மலாயாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சிறு வயதில் சீனாவிலிருந்து வந்து, வண்டி கழுவி, மெக்கானிக் வேலை பார்த்து, பஸ் கம்பெனி நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். 1950-களின் கடைசியில் ஜப்பானில் இந்த வண்டியைப் பார்த்து விற்பனை உரிமையை வாங்கினார். கையில் எண்ணெய்க் கறையோடு வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர் கொண்டுவந்த வண்டி, கையில் பால் கறையோடு வாழ்ந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. மாதத் தவணைக்குக் கிடைத்தது என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். சம்பள நாளில் முதலில் கடைக் கணக்கு, அடுத்தது மோட்டார்த் தவணை, மிச்சம் இருந்தால் மற்றதெல்லாம்.

அப்பா அந்த வண்டியை ஒருநாளும் ரசித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஒரு நாள்கூடக் கவனிக்காமல் விட்டதும் இல்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, பழைய சட்டைத் துணியால் துடைப்பார். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். சங்கிலி மூடியில் இருக்கும் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு, விரல் விட்டு ஆட்டிப் பார்ப்பார். மின்யாக் ஹீத்தாம் என்னும் இன்ஜின் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி வைத்து எடுத்துப் பார்ப்பார். இதெல்லாம் ஆசையால் வந்த வேலை அல்ல. பால் அதிகாலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் வெட்டுக்குப் பலன் குறைவு. பால் குறைந்தால் கூலி குறைவு. காலை ஐந்து மணிக்கு மோட்டார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அது வெறும் தொந்தரவு அல்ல, அந்த வாரத்து மீன் செலவில் ஒரு பங்கு.

அதனால் தோட்டத்தில் எல்லா ஆண்களும் பாதி மெக்கானிக். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தே இன்ஜினுக்கு என்ன என்று சொல்வார்கள். காப்பித்தூள் நிறம் இருந்தால் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஆயில் மேலே ஏறுகிறது. வெளிறிப் போயிருந்தால் காற்று அதிகம், இன்ஜின் கொதிக்கிறது. பிளாட்டினம் என்று நாங்கள் சொல்லும் பொறிப் பொட்டுகளின் இடைவெளியைச் சரிபார்க்க ஃபீலர் கேஜ் யாரிடம் இருந்தது? சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் சொருகிப் பார்ப்பார்கள். ஆட்டம் காணும் போல்ட்டுக்குப் பால் டின் தகரத்தை வெட்டி வாஷர். ரப்பர் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப். பாடாங் செராய் டவுனில் சீனத் தௌகேயின் மோட்டார்க் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது கடைசி வழி. அங்கேயும் கணக்கில்தான் வேலை நடக்கும்.

மோட்டார்சைக்கிள் பராமரிப்பைப் பற்றிய சிந்தனை என்றால் ராபர்ட் பிர்சிக் 1974-இல் எழுதிய நாவலை யாரும் விட்டுவிட முடியாது. 1968-இல் தம் மகனைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு ஹோண்டாவில் அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போன பயணம் அதன் அடிப்படை. அதில் ஒரு நண்பர் வருவார். விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர். அந்த வண்டியின் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டின் தகரத்தை வெட்டிச் சொருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதை சொல்கிறவர். நண்பருக்கு முகம் மாறிவிடுகிறது. தன் அருமையான ஜெர்மன் வண்டியில் பீர் டின்னா? இந்தச் சின்ன விஷயத்திலிருந்து, இயந்திரத்தைப் புரிந்துகொள்கிறவர்கள் ஒரு பக்கம், அதைப் பார்த்து மிரண்டு விலகுகிறவர்கள் ஒரு பக்கம் என்று மனிதர்களைப் பிரித்துக்கொண்டே போகிறார் பிர்சிக்.

அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் அந்த இரண்டாவது வகை ஆளே கிடையாது. இயந்திரத்தைப் பார்த்து விலகி நிற்க வசதி வேண்டும். பிர்சிக்கின் நண்பருக்கு அந்த வசதி இருந்தது. டின் தகரம் எங்களுக்குத் தத்துவமாகவில்லை, வாஷராகத்தான் ஆனது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, ‘அந்தக் காலத்து மக்கள் எவ்வளவு ஞானிகள்’ என்று முடித்துக்கொண்டால் அதுவும் பொய். அவர்களில் பலருக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது. கடையில் கொடுத்துவிட்டு வந்து கால் நீட்டிப் படுக்கக் காசு இருந்திருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்கள். அப்பாவும் அப்படித்தான். அதனால்தான் என் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் புரியவில்லை.

1990-களின் நடுவில் எங்கள் வட்டாரத்தின் முகம் மாறியது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் வடக்கே, குனோங் ஜெராய் அடிவாரத்துக் குருணில் மொடெனாஸ் தொழிற்சாலை மலேசியாவின் சொந்த மோட்டாரான கிரிஸ் 110-ஐ வெளியிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன: போக வேண்டிய இடமும், போவதற்கு வண்டியும். லயத்தில் படுத்து எழுந்து, கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டாரில் ஏறி, தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதுவரை தோட்டத்துக்குள்ளேயே சுற்றிய மோட்டார் தோட்டத்துக்கு வெளியே வழி காட்டியது. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பாடாங் செராய், லூனாஸ், கூலிம், சுங்கை பட்டாணி என்று தாமான் வீடுகளுக்குப் போனது. நானும் அந்தச் சாலையில்தான் போனேன்.

இப்போது அதே சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திரும்பி வருகிறோம், சுற்றிப் பார்க்க. பழைய கப்சாய், ஆர்எக்ஸ்இசட், ஒய்125இசட் என்று பளபளக்கும் வண்டிகளோடு, பசியாற ஒரு கடையில் கூடி, ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து பார்த்து, பழைய லயம் இருந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறோம். எங்கள் பெற்றோர் வெளியேறுவதற்குப் பட்ட பாட்டை நினைத்தால், நாங்கள் இப்படி வேடிக்கையாகத் திரும்பி வருவது கொஞ்சம் விசித்திரம்தான்.

இந்த ஆசை பாடாங் மேஹாவுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் யமஹா ஆர்எக்ஸ்100 மேல் இருக்கும் பைத்தியம் ஊரறிந்தது. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் உதிரிப் பாகம் தேடி அலைகிறார்கள். இங்கே எங்கள் புதுப்பேட்டை, ஜார்ஜ் டவுனில் உள்ள லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை. காலையிலேயே போனால் பழைய கார்புரேட்டர், மீட்டர் மூடி, உடைந்த கால் மறைப்பு என்று ஏதாவது கண்ணில் படும். ஒரு காலத்தில் கழிவு இரும்பு விலைக்குப் போன ஆர்எக்ஸ்இசட்டுக்கு இன்று புது வண்டி விலைக்கு மேலே கேட்கிறார்கள். இன்னொரு திருப்பமும் உண்டு. 2017-இல் மொடெனாஸ் இந்தியாவின் பஜாஜோடு கைகோத்து, பல்சர் வண்டிகளைக் குருணிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டும் வண்டியும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் நான் சொன்ன பதில், ‘கெட்டுப்போகாமல் இருக்கத்தான்’ என்பது. அது நிற்காது. மாதத்தில் சில மைல் ஓடும் வண்டிக்கு இவ்வளவு கவனிப்பு தேவையில்லை. சொல்லப்போனால் அடிக்கடி கழற்றுவதே திருகுகளுக்குக் கேடு. அடுத்த பதில், ‘காசு மிச்சம்’. அது அதைவிட மோசம். இந்தப் பொழுதுபோக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை. ஒரு பழைய சுவிட்சுக்காகப் பினாங்கு போய்வரும் செலவில் ஒரு நல்ல சட்டை வாங்கலாம் என்று என் மனைவி சொல்வாள். அவள் கணக்கு சரி.

மூன்றாவது பதில் நினைவு. அப்பாவின் உழைப்பை, தோட்டத்து வாழ்க்கையை இந்த வண்டியில் காப்பாற்றி வைக்கிறேன் என்பது. இது கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டங்களில் எல்லாரும் சொல்வதும் இதுதான். ஆனால் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பழைய கப்சாயைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கழற்றி எறிவது பின்னாலிருக்கும் அந்த இரும்புக் கேரியரைத்தான். கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி வேண்டும் என்கிறார்கள். பால் டின் உரசிய தழும்பை மணல் தாளால் தேய்த்து, மேலே புதுச் சாயம் அடிக்கிறார்கள். அந்த வண்டி இருபது வருடம் செய்த வேலை முழுவதையும் அழித்துவிட்டு, அது கடை வாசலில் நின்ற ஒரு நாளை மட்டும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இது எந்த வகை நினைவு?

அதனால் என் சி70-இல் கேரியரை விட்டு வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “அந்தக் கேரியர வெட்டி எடுத்துடு. அசிங்கமா இருக்கு,” என்றார். டின்னைக் கட்டிக் கட்டித் தோல் உரிந்தது அவர் கை. அதை நினைவுச் சின்னமாகப் பார்ப்பது என் கண். அவருக்கு அது வேலை, வேலை முடிந்துவிட்டது, இனி அது ஏன் வண்டியில் தொங்க வேண்டும்? சுமந்தவருக்கு மறக்க உரிமை உண்டு. சுமக்காதவன் அதைக் காட்சிக்கு வைத்துப் பெருமைப்படுவதில் ஏதோ இடறுகிறது. வண்டியும் கிரானில் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பற்றவைப்பை அறுத்துக் கேரியரை எடுத்துவிட்டேன். அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இப்ப நல்லா இருக்கு,” என்றார்.

கேரியர் போன பிறகும் நான் கழற்றுவதை நிறுத்தவில்லை. அப்போதுதான், நினைவு என்ற பதிலையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க முடிந்தது.

மிஞ்சியது வேலை. சி70-இன் பிளாட்டினத்தைச் சரிசெய்வதைச் சொல்கிறேன். இடப்பக்க மூடியைக் கழற்றினால் ஃபிளைவீல் தெரியும். அதைக் கையால் மெல்லச் சுற்றி, அதன் துளை வழியே உள்ளே பார்த்தால் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் திறந்து மூடும். அவை முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். திருகைத் தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினால் இறுக்கும்போதே அது மறுபடி நகரும். மறுபடி தளர்த்த வேண்டும். சரியாக அமைந்ததும் ஃபிளைவீலின் எஃப் கோடு இன்ஜின் கோட்டோடு சேரும் இடத்தில் பொட்டுகள் பிரியத் தொடங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு உதை. சீராக ஓடும். ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் அந்தப் பொட்டு கொஞ்சம் தேய்கிறது. இன்று வைத்த இடைவெளி சில மாதங்களில் இராது. எனவே இந்த வேலை முடிந்தது என்று ஒருநாளும் ஆகாது.

பகலில் நான் பார்க்கும் வேலை வேறு வகை. தொழிற்சாலையில் ஒரு மூடிய அறை, தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, நீண்ட வரிசையில் ஒரே ஒரு படி. எனக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கும் என்பது எனக்குப் பாதிதான் தெரியும். நான் தொட்ட பொருள் கடைசியில் எந்த நாட்டில் எதற்குள் போய் உட்காருகிறது என்பதை நான் பார்க்கப்போவதில்லை. அதைக் குறை சொல்லவில்லை. அந்தச் சம்பளம்தான் வீட்டுக் கடனைக் கட்டுகிறது. ஆனால் மனிதனுக்கு எங்காவது ஓர் இடத்தில் காரணமும் விளைவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. டாங்கியில் ஊற்றிய பெட்ரோல் கார்புரேட்டர் வழியே போய், பொறி பட்டு வெடித்து, பிஸ்டனைத் தள்ளி, சங்கிலியை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றுவது வரை முழுவதும் என் கண்ணுக்குத் தெரிகிறது. தப்பு செய்தால் அன்றைக்கே தெரியும். கோபப்பட்டு இறுக்கினால் மரை போய்விடும். ஒரு வாரம் முழுவதும் ஒரு படியாக இருந்துவிட்டு, ஒரு காலைப்பொழுது முழு ஆளாக இருந்து பார்ப்பது இது.

இதில் ஆபத்துகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் மோட்டாரைப் புகழ்வது நேர்மையாகாது. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் மோட்டாரில் போனவர்கள். ஹெல்மெட் 1973 முதலே சட்டம். ஆனாலும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகும் தலைகள் இன்றும் உண்டு. 150 சிசி வரையுள்ள வண்டிக்கு நெடுங்காலம் வருடச் சாலை வரி இரண்டே வெள்ளியாக இருந்தது. ஏழைக்கு அது பெரிய உதவி. அந்த இரண்டு வெள்ளி வண்டியில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வீடு திரும்புகிறார்கள், சிலர் திரும்பவில்லை. ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் யாரோ ஒரு தாய் யாரோ ஒரு பையனைப் பார்த்து, ‘இருந்தா என் மவனுக்கும் இந்த வயசுதான்’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதனால் பொழுதுபோக்குக்காரர்களிடம் நான் ஒன்றைப் பார்ப்பேன்: காசு வந்ததும் முதலில் எதை மாற்றுகிறார்கள்? கண்ணைப் பறிக்கும் ரிம்மும் காதைக் கிழிக்கும் சைலன்சரும் முதலில் வந்து, பிரேக் கட்டை தேய்ந்தே கிடந்தால், அங்கே வண்டி மேல் அக்கறை இல்லை. பார்க்கிறவர்கள் மேல்தான் அக்கறை. எங்கள் வண்டிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்தால் அதுவும் எங்கள் கணக்கில்தான் சேரும். ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொட்டகையில் கழிக்கிறவனுக்கு வீட்டுக்குள்ளேயும் சில திருகுகள் தளர்ந்து கிடக்கலாம். என் மனைவி பத்து மணிக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அது அன்பு மட்டுமல்ல, எச்சரிக்கையும்தான் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிடுவேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒரு பதில் திரண்டது. அப்பா அந்த வண்டியைக் கவனித்தார், ஏனென்றால் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்தக் கவனிப்பை எனக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை; விளக்குப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றதில் ஒட்டிக்கொண்டது. பிறகு தேவை போய்விட்டது. எனக்கு இன்று அந்த வண்டி ஓடாவிட்டால் ஒரு காசு நஷ்டமில்லை. தேவை போன பிறகும் கவனிப்பு மட்டும் கையில் தங்கியிருக்கிறது. அதற்குப் பயன் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பயனுக்காக மட்டுமே ஒன்றைக் கவனிக்கிறவன், பயன் தீர்ந்த அன்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவான். தோட்டம் எங்கள் மக்களை அப்படித்தான் வைத்திருந்தது. வெட்டும் வரை வீடு; வெட்ட முடியாமல் போனால் வெளியே. பயன் முடிந்த ஒரு சாமானைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓடும் நிலையில் வைத்திருப்பதில் அந்தக் கணக்குக்கு எதிரான ஒரு சின்னப் பிடிவாதம் இருக்கிறது. அது இயந்திரத்தோடு நின்றுவிட்டால் அற்பம். வயதான மனிதர்கள்வரை நீண்டால்தான் அதற்கு மதிப்பு.

அப்பாவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசமும் இதில் தெளிவாகிறது. அவருக்குக் கிடைத்த விடுதலை, இனிக் கழற்ற வேண்டியதில்லை என்பது. எனக்குக் கிடைத்த விடுதலை, விருப்பப்பட்டால் கழற்றலாம் என்பது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பதும் ஓர் உழைப்பாளியின் பொழுதுபோக்குதான். என்னுடையதைவிட அதிகம் உழைத்துப் பெற்றது.

அண்மையில் அக்கா மகன் வந்து, “மாமா, 150 சிசி ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க,” என்றான். பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அவன் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, பிளாட்டினம் கிடையாது. எரிபொருளை அளந்து விடுவது கம்ப்யூட்டர். என் வித்தைகளில் பாதி அதில் செல்லாது. ஆனாலும் சங்கிலி இருக்கிறது, டயர் இருக்கிறது, பிரேக் இருக்கிறது.

சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். இங்கே வந்து பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். சங்கிலியை எவ்வளவு தளர்வாக விட வேண்டும், பிரேக் கட்டை எதுவரை தேயலாம், டயர் எப்போது செத்துவிட்டது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகு பணம் கட்டலாம்.

“அதுக்குத்தான் கடை இருக்கே மாமா?” என்றான்.

இருக்கிறது, கொடுக்கலாம், அவனுக்கு நேரமில்லாத நாட்களில் கொடுக்கத்தான் வேண்டும். செய்யத் தெரிந்தவன் கடையில் கொடுத்தால் அது அவன் எடுத்த முடிவு. செய்யத் தெரியாதவன் கொடுத்தால் அவனுக்கு வேறு வழியில்லை என்று பொருள். அவன் தாத்தாவுக்குச் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இவனுக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போய்விடக் கூடாது. இரண்டு வழியும் கையில் இருக்கிறவனைத்தான் வண்டிக்குச் சொந்தக்காரன் என்று நான் சொல்வேன். மற்றவர்களுக்குக் கிரான் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பழைய சட்டை போட்டுக்கொண்டு.